குனியப் பயம், திரும்பப் பயம்: நாரிநோ, கழுத்துநோ உள்ளவர்கள் மீண்டும் அசையத் தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

நாரி, அதாவது கீழ்முதுகு, பிடித்து மூன்று நான்கு மாதம் கடந்த ஒருவர், நிலத்தில் விழுந்த திறப்பை எடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஒரு கை சுவரைத் தேடும். மூச்சு நிற்கும். முதுகு பலகை போல விறைத்திருக்க, முழங்கால் மட்டும் மடியும். பல்லைக் கடித்தபடி விரல் நுனியால் திறப்பைத் துழாவி எடுத்து, தொடையில் கை ஊன்றி எழும்புவார். திறப்பின் நிறை 20 கிராம் இருந்தாலே அதிகம். அதே முதுகு, நோ வருவதற்கு முந்திய கிழமை வரை 50 கிலோ உரமூடையைச் சுமந்தது.

முதுகு அவ்வளவு பழுதாகிவிட்டதா என்றால், பெரும்பாலானவர்களுக்கு இல்லை. முதல் பிடிப்பு ஆறிய பிறகும் அந்த நாளின் பயம் ஆறவில்லை. அசைந்தால் ஏதோ முறிந்துவிடும், விலகிவிடும், படுக்கையில் விழுந்துவிடுவோம் என்ற பயம் அது. மருத்துவத்தில் இதற்குக் கைனீசியோபோபியா என்று பெயர். நாம் அசைவுப் பயம் என்றே சொல்வோம். 1990களின் தொடக்கத்திலேயே இதை அளக்க டாம்பா அளவுகோல் என்ற ஒரு கேள்வித்தாள் வந்துவிட்டது. 17 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை புள்ளி. மொத்தம் 37க்கு மேல் போனால் பயம் அதிகம் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். கிளினிக்கில் யாராவது இந்தத் தாளைத் தந்தால் உண்மையை எழுதுங்கள். அது உங்கள் துணிச்சலைச் சோதிக்கும் பரீட்சை இல்லை.

கிழக்கிலங்கையில், படுவான்கரையில் வயல் செய்பவர், மருதமுனையில் தறியில் இருப்பவர், கரைவலை இழுப்பவர், கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வருபவர், வீட்டில் தேங்காய் திருவிக் கூட்டிப் பெருக்குபவர் எல்லோருக்கும் பொருந்தும்படி இதை எழுதியிருக்கிறோம். ஒழுங்கு முக்கியம். ஆபத்து அறிகுறிகள் பற்றிய பகுதியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

பயம் நோவை எப்படி வளர்க்கிறது

சுகமான ஒருவர் நன்றாகக் குனிந்து கைகளைத் தொங்கவிட்டால், முதுகுத்தண்டின் இருபுறமும் ஓடும் தசைகள் ஒரு கட்டத்தில் வேலையை நிறுத்தி ஓய்ந்துவிடும். அந்த நிலையில் எலும்புகளைப் பிணைக்கும் நார்களும் மற்றத் திசுக்களுமே உடலைத் தாங்கும். தசையின் மின்னோட்டத்தை அளந்தால் இது தெளிவாகத் தெரியும். நாட்பட்ட நாரிநோ உள்ள பலரிடம் இந்த ஓய்வு நடப்பதில்லை. குனிந்த நிலையிலும் தசை இறுகியே நிற்கும். பயம் கூடியவர்களிடம் இந்த இறுக்கமும் கூடும்.

கையை முஷ்டியாகப் பொத்தி ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். முழங்கை வரை உளையும். கையில் காயம் ஒன்றுமில்லை, ஆனாலும் உளைவு உண்மையானது. நாரித் தசைகளைக் காலையிலிருந்து படுக்கும்வரை அப்படிப் பொத்தி வைத்திருந்தால் என்ன நடக்கும்? மாலையில் நோ கூடும். “பார்த்தீர்களா, இன்று இரண்டு தரம் குனிந்ததுதான் காரணம்” என்று மனம் சொல்லும். நாளை இன்னும் குறைவாகக் குனிவோம். தசை மெலியும், மூட்டு விறைக்கும், நித்திரை கெடும். ஆறு மாதத்தில், முன்பு கவனிக்காமலே செய்த வேலைகூட உண்மையிலேயே கடினமாகிவிடும்.

அதனால்தான் “நோ முழுக்கப் போகட்டும், பிறகு அசைவோம்” என்று காத்திருப்பவர்கள் நீண்டகாலம் காத்திருக்கிறார்கள். ஒழுங்கு மறுபக்கமாகப் போக வேண்டும். அளவோடு அசைந்து பார்க்க வேண்டும். பயந்தது நடக்கவில்லை என்று உடல் கண்டுகொள்ள வேண்டும். இறுக்கம் தளர்ந்தால் நோ பின்னால் குறையும்.

தொடங்குமுன் ஆபத்தை விலக்குங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். இவற்றைப் பயம் என்று நினைத்துத் தள்ளிவைக்கக் கூடாது.

உடனே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை: சிறுநீர் வராமல் அடைத்தல் அல்லது அறியாமல் போதல், மலம் கட்டுப்பாடின்றிப் போதல், சைக்கிள் சீற்றில் படும் பகுதி, அதாவது மலவாசலும் பிறப்புறுப்பும் சுற்றிய இடம், உணர்ச்சியின்றி மரத்துப் போதல், ஒரு காலோ இரு காலுமோ நாளுக்கு நாள் பலமிழத்தல், பாதம் தொங்கிச் செருப்பு கழன்று விழுதல். கழுத்துநோவுடன் பேச்சுக் குழறல், பொருட்கள் இரண்டாகத் தெரிதல், விழுங்க முடியாமை, திடீர்த் தள்ளாட்டம் வந்தாலும் அப்படித்தான். மரத்தாலோ கூரையாலோ விழுந்த பிறகும், வாகன விபத்துக்குப் பிறகும் வந்த கடும் நோவும் இதில் சேரும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

சில நாட்களுக்குள் காட்ட வேண்டியவை: காய்ச்சலோடு முதுகுநோ, காரணமில்லாமல் உடல் மெலிதல், முன்பு புற்றுநோய் இருந்திருத்தல், படுத்தாலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் குறையாமல் இரவிரவாக வரும் நோ, நெடுநாள் ஸ்டீரொய்ட் மருந்து எடுத்தவருக்குப் புதிதாக வந்த நோ. காசநோய் முள்ளந்தண்டையும் தாக்கும் என்பதை மறக்க வேண்டாம். கழுத்தில் இன்னொன்று: சட்டைப் பொத்தான் போடவும் சோறு பிசையவும் விரல்கள் தடுமாறினாலோ, தலையைக் குனிந்தால் முதுகு வழியே கரண்ட் அடித்தது போல ஓடினாலோ, நரம்புத்தண்டு நசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இவை ஒன்றும் இல்லையா? மருத்துவரும் பார்த்துவிட்டாரா? அப்படியென்றால் உங்கள் நோ, நாரிநோக்காரரில் மிகப் பெரும்பான்மையினரின் நோ வகையைச் சேர்ந்தது. அசையலாம்.

ஸ்கேன் தாளில் உள்ள சொற்கள்

பயத்தின் பாதி அந்தத் தாளிலிருந்து வருகிறது. “எலும்பு தேஞ்சிட்டு”, “டிஸ்க் பிதுங்கிட்டு”, “எல்4, எல்5 போயிட்டு” என்று கேட்ட நாளிலிருந்து குனியாதவர்கள் எத்தனையோ பேர். டிஸ்க் என்பது முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை போன்ற தட்டு. எல்4, எல்5 என்பவை நாரியின் கடைசி இரண்டு எலும்புகள்.

நோ என்பதே இல்லாத ஆட்களை ஸ்கேன் செய்து பார்த்த 33 ஆய்வுகளை, மொத்தம் 3,110 பேரை, 2015இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரரில் 37 வீதத்தினருக்கும், 50 வயதுக்காரரில் 80 வீதத்தினருக்கும், 80 வயதுக்காரரில் 96 வீதத்தினருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. டிஸ்க் பிதுக்கம் 20 வயதில் 30 வீதம், 50 வயதில் 60 வீதம். இவர்கள் யாருக்கும் நாரிநோ இல்லை. கழுத்தும் அப்படித்தான். அதே ஆண்டில் வெளிவந்த ஒரு ஜப்பானிய ஆய்வில், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த நோவில்லாத 1,211 பேரில் 87.6 வீதத்தினருக்குக் கழுத்தில் டிஸ்க் பிதுங்கியிருந்தது. தலைமயிர் நரைப்பதைப் போன்ற மாற்றம் இது. தாளில் எழுதப்பட்டதெல்லாம் நோவுக்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

உண்மையிலேயே டிஸ்க் வெளியே வந்து நரம்பைத் தொட்டு, காலால் மின்னல் போல் நோ இறங்குபவர்களுக்கும் நல்ல செய்தி உண்டு. வெளியே வந்த துண்டை உடல் தானே கரைத்துச் சுருக்கும். பெரிதாக வெளியே வந்தவைதான் சிறியவற்றைவிடக் கூடுதலாகச் சுருங்குகின்றன. அவர்களும் கீழே சொல்லும் படிகளைச் செய்யலாம். மெதுவாகவும், கால்நோவைக் கண்காணித்தபடியும் செய்ய வேண்டும்.

முதற்படி: 40 தாள் கொப்பி ஒன்று

கொப்பியின் முதல் பக்கத்தில், நோ வந்த பிறகு நிறுத்திய வேலைகளையும் மாற்றிச் செய்யும் வேலைகளையும் எல்லாம் எழுதுங்கள். “பாரமான வேலை” என்று எழுதினால் பயன் இல்லை. “கிணற்றில் வாளி இழுத்தல்”, “பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்குதல்” என்று கண்ணில் தெரிகிற மாதிரி எழுத வேண்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பயப் புள்ளி போடுங்கள். 0 என்றால் பயமே இல்லை, 10 என்றால் நினைத்தாலே உடம்பு கூசும். நோ எவ்வளவு என்று இங்கே எழுத வேண்டாம், பயத்தை மட்டும்.

வெல்லாவெளிப் பக்கத்து விவசாயி ஒருவரின் பக்கம் இப்படி இருக்கலாம்: கதிரையில் இருந்து சப்பாத்துப் போடுதல் 2, முகம் கழுவக் குனிதல் 3, நிலத்தில் கிடக்கும் சாரத்தை எடுத்தல் 4, பாயில் படுத்து எழும்புதல் 5, வாளி இழுத்தல் 6, கிறவல் ரோட்டில் மோட்டார் சைக்கிள் 7, மண்வெட்டியால் வரம்பு கட்டுதல் 9, உரமூடை 10. கழுத்துக்காரர் ஒருவருடையது வேறு: பக்கம் திரும்பிக் கதைத்தல் 2, தலையணை இல்லாமல் படுத்தல் 4, மேலே பார்த்து லைட் மாட்டுதல் 7, சைக்கிளில் போகும்போது பின்னால் பார்த்தல் 8.

8 முதல் 12 வேலைகள் வரை போதும். பின் குறைந்த புள்ளியிலிருந்து கூடியதற்கு வரிசைப்படுத்துங்கள். இதுதான் உங்கள் ஏணி. 3 அல்லது 4 புள்ளிப் படியில் தொடங்குங்கள். 1, 2 இலிருந்து தொடங்கினால் மனம் ஒன்றும் கற்றுக்கொள்ளாது. 9இல் தொடங்கினால் பயந்து கொப்பியையே மூடிவிடுவீர்கள்.

இரண்டாம் படி: முன்கூட்டிச் சொல், பிறகு செய்து பார்

இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் படிதான். பலர் இதை விட்டுவிட்டு உடற்பயிற்சியை மட்டும் செய்கிறார்கள். உடல் பலப்படுகிறது, பயம் அப்படியே இருக்கிறது.

ஒரு பக்கத்தில் நான்கு நிரல் கீறுங்கள். முதல் நிரலில் செய்யப்போகும் அசைவு. இரண்டாவதில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பது. “நோகும்” என்று மட்டும் எழுதாதீர்கள். நோகலாம், அது பயத்தின் அடி இல்லை. “நாரி பிடித்து நிமிர முடியாமல் போகும்”, “நாளைக்கு எழும்ப முடியாது” என்று அடிமனதில் உள்ளதை எழுதுங்கள். மூன்றாவதில் அது நடக்கும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள், 0 முதல் 100 வரை. பிறகு அசைவைச் செய்யுங்கள். நான்காவதில் உண்மையில் நடந்ததை அப்போதே எழுதுங்கள். அடுத்த நாள் காலையில் இன்னொரு வரி சேருங்கள்.

எடுத்துக்காட்டாக: “சாரத்தை எடுத்தல் — பிடித்து நிமிர ஏலாது — 80. செய்தேன். இழுத்தது, 4 அளவு நோ, நிமிர்ந்தேன். காலையில் வழமை போல.” அடுத்த தரம் அந்த 80 என்பது 60 ஆகும், பிறகு 30. ஒரே படியை நம்பிக்கை 20க்குக் கீழே வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சிலருக்கு இரண்டு நாள், சிலருக்கு இரண்டு கிழமை எடுக்கும். காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம் போதும்.

எவ்வளவு நோகலாம்

அசையும்போது நோ 10க்கு 5 வரை ஏறலாம். தொடங்கும்போது இருந்த அளவுக்கு மறுநாள் காலைக்குள் இறங்கிவிட்டால் அளவு சரி. 24 மணித்தியாலம் கடந்தும் இறங்கவில்லை என்றால் அளவு கூடிவிட்டது, அடுத்த தரம் பாதியாக்குங்கள். பழுது ஏற்பட்டுவிட்டது என்று அர்த்தம் எடுக்க வேண்டாம்.

கால்நோ உள்ளவர்களுக்கு ஒரு தனி விதி. நோ எதுவரை இறங்குகிறது என்று பாருங்கள். தொடைவரை இருந்தது கணுக்காலுக்கு இறங்கி அங்கேயே தங்கினால் அந்த அசைவைச் சில நாள் விட்டு வேறொன்றைச் செய்யுங்கள். காலிலிருந்து மேலேறி நாரியில் மட்டும் நின்றால், நாரி சற்றுக் கூட நொந்தாலும், போக்கு நல்லது.

குனிதல்: அங்குலம் அங்குலமாக

நாரிநோக்காரர் பெரும்பாலும் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். அதனால் விரிவாகச் சொல்கிறோம்.

படுத்த நிலையில் தொடங்குங்கள். பாயில் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை இரு கையாலும் பிடித்து நெஞ்சுப் பக்கம் இழுங்கள். 3 எண்ணும்வரை வைத்து விடுங்கள். மற்றக் கால். பிறகு இரண்டும் சேர்த்து 10 தரம். இங்கே கவனியுங்கள்: நாரி இப்போது நன்றாக வளைந்துதான் இருக்கிறது. நின்று குனியும்போது வளையும் அதே வளைவு. பாரம் மட்டும் இல்லை. இதைப் புரிந்துகொண்டவர்களுக்கே பாதிப் பயம் போகும்.

இரண்டு மூன்று நாளில் கதிரைக்கு வாருங்கள். கால்களை அகட்டி இருந்து, மூச்சை வெளியே விட்டபடி தலையை முதலில் தொங்கவிடுங்கள், பிறகு தோள், பிறகு நாரி. கைகள் முழங்கால்களுக்கு நடுவே நிலத்தை நோக்கித் தொங்கட்டும். மூச்சு ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. கீழிருந்து ஒவ்வொரு முள்ளாக அடுக்கிக்கொண்டு வருவதுபோல் நிமிருங்கள். 5 தரம், பிறகு 10.

அடுத்து நின்று. பாதங்கள் இடுப்பளவு அகலம், முழங்கால் கொஞ்சம் தளர்வாக. இரு கையையும் தொடையில் வைத்து, வழுக்கியபடி முழங்கால்வரை போங்கள். அங்கே 3 எண்ணி நிமிருங்கள். மறுநாள் கணைக்காலின் நடுவரை. பிறகு கணுக்கால். நிலம் தொட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சிறுவயதிலிருந்தே நிலம் தொடாத உடல்களும் உண்டு.

பிறகுதான் பொருள். ஒரு துவாயை முதலில் கதிரையின் மேல் வைத்து எடுங்கள், பிறகு மணைப் பலகையில், பிறகு நிலத்தில். முதுகை வளைத்தே எடுங்கள். “முழங்காலை மடி, முதுகை நிமிர்த்து” என்று எல்லா இடமும் படம் போட்டு ஒட்டியிருக்கிறது. ஆனால் அப்படித் தூக்கப் பயிற்றுவித்ததால் நாரிநோ வராமல் தடுக்கப்பட்டதாக ஆய்வுகள் காட்டவில்லை. துவாய்க்கும் திறப்புக்கும் அந்த விதி தேவையே இல்லை.

கடைசியாக வேகம். மெதுவாக 10 தரம் குனிய முடிந்தவர் சாதாரண வேகத்தில் குனிய வேண்டும். மெதுவாகக் குனிவதும் ஒரு வகைப் பயம்தான். பேசிக்கொண்டே, யோசிக்காமலே ஒரு பொருளை எடுத்தீர்கள் என்றால் அன்று குனிதல் முடிந்தது.

நாரிநோவால் கதிரையில் இருந்து தொழுபவர்கள் நிலத்துக்குத் திரும்ப விரும்பினால் வழி இது. முதலில் தொழுகைக்கு வெளியே பழகுங்கள். கையும் முழங்காலும் ஊன்றி, முதுகை மேலே குவித்தும் கீழே தொய்த்தும் 10 தரம். பிறகு பின்பக்கம் குதிகாலை நோக்கி இருந்து, முன்னால் அடுக்கிய மூன்று தலையணையில் நெற்றியை வையுங்கள். கிழமைக்கு ஒரு தலையணை வீதம் குறைத்தால் நான்காம் கிழமை நெற்றி பாயைத் தொடும். சுஜூதில், அதாவது நெற்றி நிலத்தில் படும் நிலையில், நாரி முழுதாக வளைகிறது, ஆனால் நிறை கை, முழங்கால், நெற்றிக்குப் பிரிந்துவிடுகிறது. கோயிலில் விழுந்து கும்பிட விரும்புபவர்களுக்கும் இதே ஒழுங்கு சரி. முழங்காலில் நோ இருந்தால் அதற்குத் தனியாக ஆலோசனை கேளுங்கள்.

கழுத்தைத் திருப்புதல்

கழுத்தில் ஏழு எலும்புகள் உண்டு. ஒரு பக்கம் திரும்பும் 70, 80 பாகையில் ஏறக்குறைய பாதி, மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மட்டும் நடக்கிறது. அது திரும்புவதற்கென்றே அமைந்த மூட்டு. திருப்பாமல் வைத்திருந்தால்தான் விறைக்கும்.

பயம் கூடியவர்களுக்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. சுவரில் தொங்கும் கலண்டரில் இன்றைய திகதியைப் பாருங்கள். கண்ணும் தலையும் அங்கேயே நிற்கட்டும். இப்போது தோளையும் உடம்பையும் வலப்பக்கம் திருப்புங்கள், பிறகு இடப்பக்கம். தலை அசையவில்லை என்று மனம் நினைக்கும். ஆனால் கழுத்து, தலையைத் திருப்பியிருந்தால் எவ்வளவு திரும்புமோ அவ்வளவு திரும்பிவிட்டது. 10 தரம் செய்த பிறகு, கதிரையில் இருந்தபடி தலையைத் திருப்பிப் பாருங்கள். முதலில் கண், பிறகு மூக்கு, பிறகு நாடி தோளை நோக்கி. பலருக்கு முன்பைவிடக் கூடத் திரும்பும்.

மேலே பார்த்தல் அடுத்த படி. பிடரியில் இரு கை விரலையும் கோத்துப் பிடித்து, வாயைச் சற்றுத் திறந்தபடி கூரைப் பக்கம் பாருங்கள். 5 தரம். பிறகு கை இல்லாமல். பிறகு முற்றத்து மாமரத்தில் காய் எண்ணுங்கள், ஒரு தரத்துக்கு 10 விநாடி.

கறகறவென்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். நோவில்லாத சத்தம் எலும்பு உடைவதன் அடையாளம் இல்லை. மோட்டார் சைக்கிளில் பின்னால் பார்க்கப் பயப்படுபவர், முதலில் நிறுத்திய வண்டியில் ஏறியிருந்து 20 தரம் இரு தோளுக்கு மேலாகவும் பார்க்கட்டும், பிறகு ஊருக்குள் ஆளில்லாத ஒழுங்கையில். கழுத்து திரும்பாமல் மெயின் ரோட்டில் ஓடுவது கழுத்துநோவைவிடப் பெரிய ஆபத்து.

கொலர் போட்டிருப்பவர்கள், எலும்பு முறிவோ சத்திரசிகிச்சையோ காரணமில்லை என்றால், அதைக் கழற்றும் திட்டத்தை மருத்துவரிடம் கேளுங்கள். நாள் முழுக்கப் போட்டால் கழுத்துத் தசை வேலையை மறக்கும்.

தூக்குதல்: 5 லீற்றர் கான் முறை

வீட்டில் ஒரு வெறும் 5 லீற்றர் கான் போதும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. கானில் 1 லீற்றர் விட்டு, மேசையிலிருந்து எடுத்து நெஞ்சோடு வைத்துத் திரும்ப வையுங்கள், 10 தரம். அடுத்தது கதிரையிலிருந்து, அடுத்தது நிலத்திலிருந்து. பிறகு அரை லீற்றர் கூட்டி மீண்டும் மேசையிலிருந்து.

இங்கே பெரும்பாலானவர்கள் விடும் பிழை ஒன்று: ஒரே நாளில் நிறையையும் கூட்டி, உயரத்தையும் குறைத்து, எண்ணிக்கையையும் கூட்டுவார்கள். மறுநாள் நோ ஏறும், எதனால் என்று தெரியாது, எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். நிறை, உயரம், எண்ணிக்கை, வேகம் ஆகிய நான்கில் ஒரு தரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 5 லீற்றர் எளிதானதும் இரு கையிலும் இரண்டு கான், பிறகு 10 கிலோ அரிசிப் பை. 50 கிலோ மூடையை இருவராகத் தூக்குவது பயம் இல்லை, புத்தி. சுகமான முதுகுக்கும் அது பாரம்தான்.

பெரும்போக விதைப்பு ஒக்டோபர், நவம்பரில் வருகிறது. வயலுக்கு இறங்க நினைப்பவர் ஓகஸ்டில் கொப்பியைத் திறக்க வேண்டும். விதைப்பு நாளில் முதல்தரம் மண்வெட்டி பிடித்தால் நோகாமல் என்ன செய்யும்?

நடை, தறி, நீண்ட இருப்பு

இவற்றில் பயத்தைவிடத் தாக்குப்பிடிக்கும் சக்திதான் சிக்கல். அதனால் முறை வேறு. மூன்று நாள், நோ தெளிவாக ஏறத் தொடங்கும்வரை நடந்து நேரத்தை எழுதுங்கள். 10, 14, 12 நிமிடம் என்றால் சராசரி 12. அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது ஏறக்குறைய 10 நிமிடத்தில் தொடங்குங்கள். நல்ல நாளிலும் 10 நிமிடம், கெட்ட நாளிலும் 10 நிமிடம். கிழமைக்கு ஒன்று, இரண்டு நிமிடம் கூட்டுங்கள். தறிக்காரரும் தையல்காரரும் இதே கணக்கைப் போனில் மணி வைத்துச் செய்யலாம்: 20 நிமிடம் வேலை, 2 நிமிடம் எழும்பி நின்று பின்பக்கம் வளைதல்.

நல்ல நாளில் தேங்கிக் கிடந்த வேலையெல்லாம் செய்து முடித்து, பிறகு மூன்று நாள் படுக்கையில் கிடப்பதுதான் இதில் அடிக்கடி நடக்கும் பிழை. அந்த மூன்று நாளும் பயத்துக்குச் சாட்சியாகிவிடும்.

ஒளிந்திருக்கும் காப்புகள்

எல்லாப் படியும் செய்தும் பயம் இறங்கவில்லை என்றால், நீங்கள் அறியாமல் ஏதோ ஒரு காப்போடு, அதாவது பயத்துக்குத் துணையாக வைத்த பாதுகாப்போடு, செய்கிறீர்களா என்று பாருங்கள். மூச்சைப் பிடித்தல், வயிற்றை இறுக்குதல், தொடையில் கை ஊன்றல், பெல்ட் போட்டுக்கொண்டு குனிதல், முதலே ஒரு பனடோல் போடுதல், பக்கத்தில் ஆள் நிற்க மட்டும் செய்தல். “பெல்ட் இருந்ததால் தப்பினேன்” என்று மனம் புள்ளியைப் பெல்ட்டுக்குக் கொடுத்துவிடும், முதுகுக்குக் கொடுக்காது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாட்பட்ட நாரிநோ வழிகாட்டலும் பெல்ட், இழுவைச் சிகிச்சை ஆகியவற்றை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. பெல்ட்டை ஒரே நாளில் எறிய வேண்டியதில்லை. நாளுக்கு ஒரு மணித்தியாலம் குறையுங்கள். மூச்சுக்கு எளிய வழி, குனியும்போது சத்தமாக எண்ணுவது. எண்ணிக்கொண்டு மூச்சைப் பிடிக்க முடியாது.

நோ திடீரென ஏறினால்

ஏறும். ஏறாமல் தேறுபவர்கள் குறைவு. அதற்கான திட்டத்தைக் கொப்பியின் பின்மட்டையில் இப்போதே எழுதி வையுங்கள், நோவில் கிடக்கும்போது யோசிக்க முடியாது. முதலில் ஆபத்து அறிகுறிகளைச் சரிபார்க்க வேண்டும். ஒன்றும் இல்லை என்றால்: முதல் இரண்டு நாள் எல்லா அளவையும் பாதியாக்குங்கள், பூச்சியமாக்க வேண்டாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் 5 நிமிடம் வீட்டுக்குள் நடை. சூட்டு ஒத்தணம் 15, 20 நிமிடம், தோல் சுடாத அளவில். முழங்காலை நெஞ்சுக்கு இழுப்பது நாளுக்கு மூன்று தரம். மூன்றாம் நாள் முக்கால் அளவு, ஐந்தாம் நாள் பழைய அளவு. நோ ஏறிய நாளில் நித்திரை குறைவா, வீட்டில் சண்டையா, வேலை கூடவா என்றும் எழுதுங்கள். நோ ஏறுவதற்கு முதுகு மட்டும் காரணம் இல்லை என்பது சில மாதத்தில் உங்கள் கையெழுத்திலேயே தெரியும்.

வீட்டாருக்கு

“குனியாத மனே, நான் எடுத்துத் தாறன்” என்று ஓடிவரும் தாயின் அன்பில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தரமும் நோவுள்ளவரின் பயம் ஒரு படி ஏறுகிறது. மறுபக்கம், “உங்களுக்கு ஒண்டுமில்ல, எல்லாம் மனப்பிரமை” என்று சொல்வது கொடுமை. நோ உண்மை. நோவுள்ளவர் ஒரு வேலையைச் செய்யும்போது ஓடிப்போய்ப் பறிக்காமல் இருங்கள். மாலையில் “நோ எப்படி?” என்று கேட்பதைவிட “இண்டைக்கு எந்தப் படி?” என்று கேளுங்கள். அவரை உதவி கேட்க விடுங்கள், கேட்டால் செய்யுங்கள்.

பழைய பயங்கள்

இந்த மண்ணில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. போர்க்காலத்தைக் கடந்தவர்களும், 2004 ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்தவர்களும் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பெரிய பயத்தை அனுபவித்த உடலில் எச்சரிக்கை மணி சின்னச் சத்தத்துக்கும் அடிக்கும். நோவும் அதில் ஒன்று. நித்திரையில் அந்த நாட்கள் திரும்ப வந்தால், திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போட்டால், கொப்பி மட்டும் போதாது. ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கும் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்தும் கதைக்கலாம். அங்கே போவதால் உங்கள் நாரிநோ பொய்யாகிவிடாது.

எப்போது ஆளின் துணை வேண்டும்

ஆறு கிழமை ஒழுங்காகச் செய்தும் ஏணியில் இரண்டு படிகூட ஏற முடியவில்லை என்றால், அல்லது முதற்படியிலேயே கால் நடுங்கி நின்றுவிட்டால், இயன்மருத்துவரோடு (பிசியோதெரபிஸ்ட்) சேர்ந்து செய்யுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை, கல்முனையில் உள்ள இரண்டு ஆதார வைத்தியசாலைகள் எல்லாம் அரச ஆஸ்பத்திரிகள், கட்டணம் இல்லை. வெளிநோயாளர் பிரிவில் மருத்துவரிடம் காட்டித் துண்டு வாங்கிக்கொண்டு போவது வழமை.

போகும்போது ஸ்கேன் கவரோடு கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். “நாரி நோகுது” என்று மட்டும் சொன்னால் சூடும் மின் சிகிச்சையும் கிடைக்கலாம், அதோடு முடிந்துவிடும். ஏணிப் பக்கத்தைத் திறந்து காட்டி, “வாளி இழுக்கிறதில நிண்டுட்டன், நீங்க பக்கத்தில நிண்டு செய்ய வையுங்க” என்று கேளுங்கள். ஒரு வாளி, ஒரு கயிறு, ஐந்து நிமிடம். அங்கேயே அவர் முன்னால் நீங்கள் அதைச் செய்து பார்க்க முடியும்.